அரை கிலோவில் ஓர் அவசரப் பை: பாண்டி, கடலூரிலிருந்து ஒருநாள் நடை கிளம்புகிறவர்களுக்கு

பாண்டியிலும் கடலூரிலும் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கேப்பர் மலையை மலை என்பது நம்முடைய பெருந்தன்மை. அதனாலேயே ஞாயிறு விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு செஞ்சிக்கோ பர்வதமலைக்கோ கல்வராயன் மலைக்கோ கிளம்பிவிடுகிறோம். கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், செல்போன், பொட்டலம் கட்டிய புளிசாதம். நல்லபடியாகப் போய்த் திரும்பினால் அதுவே போதும். பாதி ஏற்றத்தில் ஒருவருக்குக் கால் பிசகினாலோ, குரங்கு பிறாண்டினாலோ, வெயிலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாலோதான் பையில் ஒன்றுமே இல்லை என்பது உறைக்கும்.

இந்தப் பையின் வேலை என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வைத்தியம் பார்ப்பது அதன் வேலை கிடையாது. ஏதாவது நடந்த இடத்திலிருந்து 108 வண்டிக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்ச் சேர ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ ஆகலாம். அதுவரை நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு அரை கிலோவுக்குள் அடங்கும் சாமான் தாராளம். அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: “கீழேயே இருக்கட்டும், வந்து பார்த்துக்கலாம்” என்று பை வண்டி டிக்கிக்குள் போய்விடும்.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. நெருப்பு மூட்டும் கருவி, கம்பளி உறை, பனிக்கான கையுறை என்று நீண்டுகொண்டே போகும். நமக்கு முதல் எதிரி வெயில், இரண்டாவது கால் சறுக்கல். பாம்பு, தேனீ, குரங்கு எல்லாம் அதற்கப்புறம்தான். பையும் அந்த வரிசையில்தான் நிரம்ப வேண்டும்.

1. போகிற இடத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் திறங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது செஞ்சி. திண்டிவனம் வழியாகப் பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம். அங்கே கோட்டையின் பெரிய மலையான ராஜகிரி சுமார் 800 அடி ஏற்றம். வழி தெளிவு, கல்படி உண்டு, கூட நாலு பேர் ஏறிக்கொண்டிருப்பார்கள். ஆனால் முழுக்கப் பாறை. காலை பத்து மணி தாண்டினால் மேலே வெயில், கீழே பாறைச் சூடு என்று இரண்டு பக்கமும் வாட்டும். 1750இல் பிரெஞ்சுப் படை செஞ்சியை ராத்திரியோடு ராத்திரியாக ஏறித்தான் பிடித்தது. அந்தப் படையில் பேர் வாங்கிய புஸ்ஸியின் பெயரில்தான் நம் ஊரில் புஸ்ஸி வீதி. நமக்கு அந்தச் சலுகை இல்லை, இருட்டிய பின் கோட்டைக்குள் விடமாட்டார்கள். அதனால் காலையில் கோட்டை திறந்ததும் முதல் ஆளாக ஏறத் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிடுவதுதான் கணக்கு.

பர்வதமலை வேறு ரகம். 4,500 அடி உயரம், நெட்டுக்குத்தான ஏற்றம், மேலே கடப்பாரைப் படி, அதாவது பாறையில் கடப்பாரைகளை அடித்து வைத்த படி. பௌர்ணமிக்கு ஆயிரம் பேர் ஏறுகிறார்களே என்று முதல் நடையாகவே அங்கே போகாதீர்கள்.

கேப்பர் மலைச் சரிவும், கல்மரம் பார்க்கத் திருவக்கரைப் பக்கம் போகிற நடையும் சுலபம்தான். ஏற்றம் இல்லை. செம்மண் ஓடை, முள், நிழலே இல்லாத வெளி, இவ்வளவுதான் தொல்லை. அங்கே தண்ணீரும் தடித்த அடியுள்ள செருப்போ ஷூவோ இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வேலிக்காத்தான் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறும்.

கல்வராயன், ஜவ்வாது பக்கம் காப்புக்காடு வந்துவிடும். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ பல உயிர்களைக் கொண்டுபோன பிறகு மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வழிகாட்டியோடு போகும் பாதைகளை இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். அப்படியே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தீப்பெட்டி, லைட்டர் இரண்டும் நம் பையில் வேண்டவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புவதாக இருந்தால் முந்தின இரவு வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு சாத்தனூர் அணை திறக்க, தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மேலே பெய்கிற மழை கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. அருவி, ஓடை உள்ள இடமென்றால் மழைக்காலத்தில் தள்ளிப் போடுவதே மேல். இடி கேட்டால் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காமல் இறங்கிவிடுங்கள்.

2. பை

தனிப் பை ஒன்றும் வாங்க வேண்டாம். ஜிப் வைத்த சின்னப் பவுச் ஒன்று, உள்ளே இரண்டு ஜிப்லாக் கவர். வியர்வையும் மழையும் உள்ளே போகக் கூடாது, அதுதான் முக்கியம். கண்ணைப் பறிக்கும் சிவப்போ மஞ்சளோ நல்லது, பாறை இடுக்கில் விழுந்தாலும் தெரியும். இடுப்பில் கட்டலாம், முதுகுப் பையின் மேல் அறையிலும் வைக்கலாம். அடியில் துணிக்கும் சாப்பாட்டுக்கும் கீழே புதைத்து வைக்காதீர்கள். கூட வருகிறவர்களுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். விழுகிறவர் நீங்களாகவும் இருக்கலாம் அல்லவா.

3. வெயிலுக்கு

தண்ணீரை நான் பையின் எடையில் சேர்ப்பதில்லை. அது தனிக் கணக்கு: அரை நாள் நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர், பங்குனி பிறந்துவிட்டால் மூன்று. ஒரே பெரிய பாட்டிலாக இல்லாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து எடுங்கள், ஒன்று உருண்டு போனாலும் மற்றது இருக்கும். உச்சிக்குப் போய்ச் சேரும்போது பாதித் தண்ணீர் மிச்சம் இருக்க வேண்டும். வழியிலேயே பாதி காலியாகிவிட்டால் உச்சியை மறந்துவிட்டுத் திரும்புங்கள். கத்திரி வெயிலில் எந்தப் பாறைக்கும் போகாமல் வீட்டில் நுங்கு சாப்பிடலாம் என்பது என் கட்சி.

பைக்குள் போவது ஓஆர்எஸ். மருந்துக்கடையில் ஒரு லிட்டருக்கான தூள் பாக்கெட்டாகக் கேளுங்கள். ஒன்று 20 கிராம் சொச்சம்தான், இரண்டு வைத்துக்கொள்ளலாம். உறையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று இருக்கிறதா பாருங்கள். அட்டை டப்பாவில் ஜூஸ் மாதிரி வருகிற இனிப்புத் தண்ணீர் ஓஆர்எஸ் ஆகாது. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. ஓஆர்எஸ் என்ற பெயரை அப்படிப்பட்ட பானங்களில் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025இல் உத்தரவு போட்டது. முழுப் பாக்கெட்டை அரை லிட்டரில் கொட்டிக் கலக்காதீர்கள். ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்தான். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வீட்டிலேயே அளந்து சின்னக் கவரில் கட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு பருத்தித் துண்டு. இதைப் பையில் வைக்க வேண்டாம், தோளில் கிடக்கட்டும். தலைக்கு முக்காடு, கழுத்துக்கு ஈரத்துணி, உடைந்த கைக்குத் தொட்டில், காலுக்குக் கட்டு என்று அவசரச் சாமான்களிலேயே அதிக வேலை பார்ப்பது இதுதான்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளுதல், இவை முதல் எச்சரிக்கை. நிழலில் உட்கார வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஓஆர்எஸ்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளிந்தாலும் ஏற வேண்டாம், இறங்குங்கள். பேச்சு உளறலாகிறது, உடம்பு கொதிக்கிறது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது என்றால் அது வெயில் தாக்கு, உயிருக்கே ஆபத்து. உடனே 108க்குச் சொல்லிவிட்டு, இருக்கிற தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியைக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இதற்குப் பாராசிட்டமால் கொடுத்துப் பயனில்லை, அது காய்ச்சலுக்கான மாத்திரை.

சாப்பிட ஒரு பிடி கடலை மிட்டாய், வறுத்து உப்புப் போட்ட பண்ருட்டி முந்திரி. சாக்லேட் உருகி ஒழுகும். வாழைப்பழத்தைச் செஞ்சிக் குரங்கு தூரத்திலிருந்தே பார்த்துவிடும்.

4. காலுக்கும் காயத்துக்கும்

நான்கு அங்குல கிரேப் பாண்டேஜ் ஒன்று, கிருமி நீக்கிய காயத்துணியான ஸ்டெரைல் காஸ் நாலைந்து, ஒட்டுப் பட்டை பத்து, மைக்ரோபோர் டேப் சின்னச் சுருள், போவிடோன் அயோடின் களிம்பின் சின்ன ட்யூப், ஊக்கு நாலு, முள் எடுக்க ஒரு ட்வீசர். கத்தரிக்கோல் வேண்டுமென்றால் பிள்ளைகளின் பள்ளிப் பையில் இருப்பது போதும். பஞ்சு வேண்டாம், காயத்தில் ஒட்டிக்கொண்டு வராது.

கிரேப் பாண்டேஜ் சுற்றுவதை வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள், மேலே போய்க் கற்றுக்கொள்ள முடியாது. பாதத்தைக் காலுக்குச் செங்கோணமாக நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். கால்விரல்களுக்குச் சற்றுக் கீழே, பாதத்தில் இரண்டு சுற்று. அங்கிருந்து குறுக்காக ஏறிக் கணுக்காலின் பின்னால் போய், மறுபக்கம் குறுக்காக இறங்கிப் பாதத்தின் அடியில் வரும்போது எட்டு வடிவம் தெரியும். அதே எட்டை மூன்று நாலு தடவை, ஒவ்வொன்றும் முந்தின சுற்றில் பாதியை மூடும்படி போட்டு, கணுக்காலுக்கு மேல் முடித்து ஊக்கு குத்துங்கள். குதிகால் வெளியே தெரிந்தால் பரவாயில்லை. முடிந்ததும் கால் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு மூன்று நொடியில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டாலோ விரல் மரத்துப் போவதாகச் சொன்னாலோ அவிழ்த்துத் தளர்வாகச் சுற்றுங்கள். எலும்பு வளைந்து தெரிந்தால், நாலு அடிகூட வைக்க முடியவில்லை என்றால் சுற்றிவிட்டு நடக்க வைக்காதீர்கள். அசையாமல் உட்கார வைத்து ஆள் வரவழையுங்கள்.

சிராய்ப்பு என்றால் முதலில் குடிதண்ணீரால் மண் போகக் கழுவ வேண்டும், களிம்பு அதற்குப் பிறகுதான். ரத்தம் நிற்காத காயத்தில் காஸை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கிற ஆசைதான் கெடுக்கும்.

மாத்திரையில் பாராசிட்டமால் நாலு, அரிப்புக்கும் தடிப்புக்கும் செட்டிரிசின் நாலு. கூடவே நீங்கள் தினமும் சாப்பிடுகிற மருந்து ஒருநாளுக்குக் கூடுதலாக. ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரையும், சர்க்கரை மாத்திரை போடுகிறவர் குளுக்கோஸையும் கட்டாயம் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளை நான் மலைக்கு எடுத்துப் போகச் சொல்லமாட்டேன். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மாத்திரையை ஸ்ட்ரிப்போடு வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கம் பைக்குள் போகிற துண்டோடு வரும்படி வெட்டுங்கள். வெறும் வெள்ளை மாத்திரையாக உதிர்த்து வைத்தால் எது எதற்கென்று யாருக்குத் தெரியும்?

5. பாம்பு, குரங்கு, தேனீ

பாம்புக்கென்று பையில் தனியாக எதுவும் வேண்டாம். விஷத்தை உறிஞ்சுகிற பம்பு, பிளேடு, கட்டுக் கயிறு எல்லாம் வீண் சுமை, கெடுதலும்கூட. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலில் எது கடித்தாலும் மருந்து ஒன்றுதான்: ஆஸ்பத்திரியில் போடுகிற விஷமுறிவு ஊசி. அதுவரை நீங்கள் செய்யக்கூடியது கடிபட்டவரைப் படுக்க வைத்து, மோதிரம், கொலுசு, ஷூ போன்றவற்றைக் கழற்றி, கடித்த காலையோ கையையோ ஒரு குச்சியும் துண்டும் வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுவதுதான். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடக்க விடாமல் தூக்கி இறக்குங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போகிற வேலையும் வேண்டாம், இன்னொருவர் கடி வாங்குவார். செஞ்சிப் பக்கமென்றால் அங்கிருக்கும் அரசு மருத்துவமனைக்குத்தான் முதலில். “நேரா ஜிப்மருக்கே போயிடலாம்” என்று பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

குரங்குக்குப் பேப்பர் சோப்பு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் குரங்கோ நாயோ கடித்தாலும் பிறாண்டினாலும் வெறிநோய்க்கு எதிரான முதல் காவல், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான். நடைக்குக் கொண்டுவந்த தண்ணீர் அதற்குப் போதாது. இருப்பதை வைத்து உடனே ஒருமுறை கழுவிவிட்டு, கீழே குழாயடியில் முழுசாகக் கழுவுங்கள். அன்றைக்கே தடுப்பூசி. “லேசான கீறல்தானே” என்று விடுகிற விஷயமில்லை இது. குரங்குக்குக் கேட்கிறபடி கேரி பேக்கைச் சலசலவென்று பிரிக்காமல் இருப்பதே பாதித் தற்காப்பு.

பாறை விளிம்பிலும் கோட்டைச் சுவரிலும் மலைத்தேனீக் கூடு தொங்கும். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், கூட்டைப் பார்த்துக் கல் எறிகிற நண்பரைக் கூட்டிக்கொண்டும் போகாதீர்கள். கலைந்துவிட்டால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடத்தான் வேண்டும். கொடுக்கை நகத்தாலோ அட்டையாலோ சீக்கிரமாகச் சுரண்டி எடுங்கள். அரிப்புக்கும் தடிப்புக்கும் செட்டிரிசின் உதவும், தூக்கம் வரலாம். உதடு வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது, தொண்டை அடைக்கிறது என்றால் மாத்திரையை நம்பி உட்காராதீர்கள், 108.

6. வெளிச்சம், சத்தம், செய்தி

காலை நடைக்கு டார்ச் எதற்கு என்பார்கள். ஒருவர் கால் பிசகினால் ஒரு மணி நேர இறக்கம் நாலு மணி நேரமாகிவிடும், மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டும். நெற்றியில் மாட்டுகிற விளக்குதான் சரி, பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டும். செல்போன் டார்ச்சை நம்பினால் பேச சார்ஜ் இருக்காது. சின்ன 5,000 எம்ஏஎச் பவர் பாங்க்கும் ஒரு குட்டி வயரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விசில் பத்து கிராம்கூட வராது. மூன்று முறை ஊதி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று. கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும், விசில் கட்டாது. வெள்ளித்தாள் போர்வை ஒன்று மருந்துக்கடையிலோ ஆன்லைனிலோ கிடைக்கும், ஐம்பது அறுபது கிராம். அடிபட்டு நனைந்து கிடக்கிறவருக்கு நம் ஊர் மழைக்காற்றிலேயே உடம்பு நடுங்கும். வெயிலில் அதையே நாலு மூலையையும் கட்டி நிழலாக்கலாம்.

ஒரு தாளில் பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடுகிற மருந்து, வீட்டு எண் இரண்டு எழுதி, பால்பாயிண்ட் பேனாவோடு கவரில் போடுங்கள். கூடவே சில்லறையாக முன்னூறு ரூபாய். சிக்னல் இல்லாத மலையடிவார ஆட்டோக்காரரிடம் ஜிபே வேலைக்காகாது. வரைபடத்தை முந்தின நாளே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நெட்வொர்க் கிடைக்காத இடத்திலும் வேறு நெட்வொர்க் வழியாக 112 போகக்கூடும், முயன்று பாருங்கள்.

போன் எடுத்ததும் மாநிலம், மாவட்டம், அப்புறம் ஊர், அடையாளம் என்ற வரிசையில் சொல்லுங்கள். பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டுப் பக்கமெல்லாம் புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் குழப்பம் வரும்.

கிளம்பும் முன் வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்: எங்கே போகிறோம், யார் யார், எத்தனை மணிக்கு இறங்கிவிடுவோம், எத்தனை மணிவரை போன் வராவிட்டால் தேட வேண்டும். அம்மாவிடம் சொன்னால் போக விடமாட்டார்கள் என்றால் அண்ணனிடமாவது சொல்லுங்கள்.

7. தராசில் வையுங்கள்

எல்லாவற்றையும் பவுச்சில் அடுக்கிச் சமையலறைத் தராசில் வையுங்கள். பவர் பாங்க் 120, நெற்றி விளக்கு 80, போர்வை 55, கட்டுச் சாமானெல்லாம் சேர்த்து 120, ஓஆர்எஸ் 42, மற்றவை சில்லறை. 450 பக்கம் நிற்கும். தாண்டினால் எதை எடுக்கலாம் என்று பாருங்கள். இரண்டு மூன்று பேர் போனால் போர்வை ஒருவரிடம், பவர் பாங்க் இன்னொருவரிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஓஆர்எஸ், விசில், எழுதிய தாள் மூன்றும் மட்டும் ஆளுக்கொன்று. வழி தவறிப் பிரிகிறவர் பவுச்சைச் சுமப்பவராகத்தான் இருப்பார் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் விளக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கடற்கரைக் காற்றுக்கு எல்லாம் சீக்கிரம் பூத்துவிடும். ஊக்கும் ட்வீசரும் துருப்பிடித்திருக்கிறதா, ஓஆர்எஸ் தூள் கட்டி தட்டியிருக்கிறதா, ஒட்டுப் பட்டையில் பசை இருக்கிறதா என்று பார்த்து, செலவானதை அன்றைக்கே மருந்துக்கடைச் சீட்டில் எழுதிவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டி டிக்கியில் பவுச்சை விட்டு வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் மாத்திரையும் களிம்பும் கெட்டுப்போகும்.